டிவிடி டிரைவ் திறக்க மறுக்கிறதா?

அக்காவின் திருமணப் படங்கள் இருந்த டிவிடி என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் டிரைவுக்குள் மாட்டிக்கொண்டது. எஜெக்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது, டிரே வரவில்லை. டிரைவ் போய்விட்டது என்றே நினைத்தேன்.

காரணம் ஒரு சிறிய ரப்பர் பெல்ட். பல டிரைவ்களில் மோட்டாரின் சுழற்சியை டிரேயை நகர்த்தும் பற்சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது இதுதான். நாளடைவில் இது தளர்ந்து வழுக்கும்.

முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் இணைப்பை நீக்குங்கள். டிரைவின் முகப்பில் உள்ள சிறு துளையில், நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்தி அழுத்துங்கள். டிரே சற்று வெளியே வரும்; கையால் மெதுவாக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

அதே அளவுள்ள புதிய பெல்ட் போட்டதும் என் டிரைவ் சரியானது. அதற்கு முன்பே, வேறொரு கம்ப்யூட்டரில் படங்களைக் காப்பி செய்துவிட்டேன். நீங்களும் செய்துவிடுங்கள்.