நூறு வாட் நிலையம்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், "சார், டி.வி. வந்த புதிதில் நம் திருவனந்தபுரத்தில் தமிழ் நிகழ்ச்சி பார்க்க முடிந்ததா?" என்று கேட்டார். "பார்த்தோமே, கொழும்பிலிருந்து!" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்துவிட்டார். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வேடிக்கை பேசும் பழக்கம் அவ்வளவாக இல்லை. ஆகவே அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பம்பாய்க்கு 1972-லும் சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-லும் வந்தது. கேரளம் காத்திருந்தது. 1982-ல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கவிருந்தது. அதை நாடு முழுவதும் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு விரும்பியது. இன்சாட்-1ஏ செயற்கைக்கோளை நம்பித் திட்டம் போட்டார்கள். அதுவோ ஏப்ரலில் மேலே போய் செப்டம்பரில் செயலிழந்தது. அயல்நாட்டுச் செயற்கைக்கோள்களின் உதவியோடு சமாளித்தார்கள். தலைநகரங்களிலும் பெரிய ஊர்களிலும் அவசர அவசரமாகக் குறைசக்தி டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டன. திருவனந்தபுரத்துக்குத் தொலைக்காட்சி வந்ததும் அந்த 1982-ல்தான்.

குறைசக்தி என்றால் எவ்வளவு? நூறு வாட். அந்நாளில் வீட்டு முற்றத்தில் எரிந்த பெரிய குண்டு பல்பு எடுக்கும் மின்சாரம்! அதை உயரமான கோபுரத்திலிருந்து வானில் விட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் நல்ல படம் கிடைக்கும். நெய்யாற்றின்கரையில் படம் தெரிந்தால் அது அந்த வீட்டுக்காரர் செய்த புண்ணியம். நாகர்கோவிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சாதனங்கள் எளியவை. வானத்தைப் பார்த்த பெரிய கிண்ண ஆன்டெனா ஒன்று, அதில் விழுவதைச் செம்மைப்படுத்தும் கருவிகள், டிரான்ஸ்மிட்டர், கோபுரம், கவனித்துக்கொள்ள சில ஊழியர்கள். கேமரா கிடையாது, ஸ்டுடியோ கிடையாது, மைக் கூடக் கிடையாது. ரயில்வே பாஷையில் சொல்வதென்றால், இது தில்லி எக்ஸ்பிரஸ் வந்து இறக்கிவிட்டுப் போகும் ஸ்டேஷன். இறங்கலாம், ஏற முடியாது. டிக்கெட் கவுண்டரே கட்டவில்லை.

இதில் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்சாட்-1பி 1983-ல் வெற்றிகரமாக நிலைகொண்ட பிறகு, 1984-ல் ஏறத்தாழ நான்கு மாதம் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் நாடெங்கும் டிரான்ஸ்மிட்டர்களை நிறுவினார்கள். ஒரு சிக்னல் கம்பம் நட்டு வேலை செய்ய வைப்பதற்கு எத்தனை காகிதம், எத்தனை கையெழுத்து என்று அறிந்த எனக்கு அது இன்றும் வியப்புதான். குறை வேறு இடத்தில் இருந்தது.

நான் 1981-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 1983 தொடக்கத்தில், தவணை முறையில் ஒரு கெல்ட்ரான் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினேன். தபால் நிலையத்தில் லைசன்ஸ் கட்டணம் கட்டிய காலம். என் அம்மா நாகர்கோவிலிலிருந்து என்னோடு வந்து தங்கியிருந்தாள். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுத் தரையில். இரவு 8.30-க்குத் தில்லி தேசிய நிகழ்ச்சி தொடங்கும். இந்தியில் ஒரு செய்தி, ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அம்மா இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மக்களே, இவன் ஆரோட பேசுகான்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மலையாள அம்மாவும் அதையேதான் கேட்டிருப்பார். அம்மா எழுந்து போய்த் திருநெல்வேலி வானொலியை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கொழும்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிய கதையே சுவையானது. 1979 ஏப்ரல் 13-ல், கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியாவிலிருந்து ஐ.டி.என். என்ற தனியார் நிலையம், கொழும்புச் சுற்றுப்புறத்துக்கு மட்டும் எட்டும் சிறிய அளவில் தொடங்கியது. இரண்டு மாதம் ஆவதற்குள் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் பிறந்தது. அதன் முக்கியக் கோபுரம், இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலையில், 2,500 மீட்டருக்கு மேல் நிற்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் நிகழ்ச்சிகள்.

கணக்குப்படி அது இங்கே தெரியக்கூடாது. அவ்வளவு உயரத்திலிருந்தும் நேர்பார்வை எல்லை சுமார் இருநூறு கிலோமீட்டர்தான். நாம் இருப்பது நானூறுக்கும் அப்பால். ஆனால் நடுவில் இருப்பது கடல். வெயில் காலத்து மாலைகளில் கடலின் மேல் ஈரமான காற்றும் அதற்கு மேல் காய்ந்த சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலைகள் அந்த அடுக்குகளுக்கிடையே குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல ஓடி வரும். தென் கேரளத்திலும், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கங்களிலும் அன்று மாடிக்கு மாடி நின்ற உயரமான ஆன்டெனாக்களின் ரகசியம் இதுதான். நானும் அலுமினியக் குழாய்களை அளந்து வெட்டி, பதினோரு உறுப்புள்ள ஆன்டெனா ஒன்றைச் செய்து, ஒரு பூஸ்டரும் வைத்துத் தென்கிழக்கே திருப்பி நிறுத்தினேன். டிப்ளமோ படிப்பு வீட்டுக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

தமிழ்ச் செய்தி வந்ததும் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். செய்தி வாசிப்பவர் "வணக்கம்" சொன்னபோது இவளும் பதில் வணக்கம் வைத்தாள்! அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு ஆன்டெனா, நடுவில் ஒரு சுவிட்ச். நூறு வாட்டில் பக்கத்திலேயே இருந்த நிலையம் எங்களோடு பேசவில்லை. கடல் தாண்டி இருந்தது பேசியது.

ஆனால் அதற்கும் ஒரு நாள் வந்தது. 1983 ஜூலைக் கடைசியில் கொழும்பில் தமிழர்கள் தாக்கப்படும் செய்தி வானொலியில் வந்தது. அம்மாவின் தம்பி அங்கே புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இடவப்பாதி மழைக்காலம், காற்று கலங்கிக்கிடந்ததால் அலைகளின் குழாய் உடைந்துவிட்டது. திரை முழுவதும் உப்பும் மிளகும் தூவியதுபோலப் புள்ளிகள். மழையில் நனைந்துகொண்டு மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழேயிருந்து "தெரியல, தெரியல" என்ற குரல் மட்டும். தெரிந்திருந்தாலும் அந்த அரசு நிலையம் எவ்வளவு சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம். மாமா பிழைத்து ஊர் வந்து சேர்ந்தார். கடையும் அவர் எழுதிய கணக்குப் புத்தகங்களும் போயின. அம்மாவுக்கு அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின்மேல் பழைய பிரியம் இருக்கவில்லை.

1984-ல் செகந்திராபாத் இரிசெட் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே என்னோடு தங்கியிருந்த குஜராத்தி நண்பரிடம் எங்கள் நூறு வாட் நிலையத்தைப் பற்றிப் புலம்பியபோது அவர் சொன்னார்: "எங்கள் பீஜுக்கு வந்து பாருங்கள்." அவர் ஊர் நடியாத். பீஜ் அதன் அருகிலுள்ள கிராமம்.

பீஜ் கதையின் ஒரு நுனி நம் ஊரில் இருக்கிறது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டைப் பறக்கச் செய்த விக்ரம் சாராபாயின் பெரிய ஆசைகளில் ஒன்று கிராமத்துக்குத் தொலைக்காட்சி. அது நிறைவேறுவதற்கு முன்பே, 1971 டிசம்பர் 30-ல், இங்கே கோவளத்தில் காலமானார். 1975-76-ல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. அதே சமயத்தில், குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் கிராமத்தில் ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நிறுவினார்கள். பெருநகரங்களின் பத்து கிலோவாட்டோடு ஒப்பிட்டால் அதுவும் குறைசக்திதான். செயற்கைக்கோள் ஓராண்டில் போய்விட்டது, பீஜ் நின்றது.

வித்தியாசம் இதுதான்: பீஜ் தில்லியையும் காட்டலாம், தன்னுடையதையும் காட்டலாம். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் சிறிய வீடியோ கருவிகளோடு கிராமங்களுக்குப் போனார்கள். முதலில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள், பிறகு படம் எடுத்தார்கள், காட்டிய பிறகு எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். தீண்டாமை, குடி, கூலி என்று யாரும் தொடத் தயங்கும் விஷயங்கள். நடித்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து மக்களே. நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

பயிற்சி முடிந்து அந்தக் குளிர்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு நடியாத் போனேன். பால் கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தில், மாலைப் பால் அளந்து முடிந்ததும் பெட்டியைப் போட்டார்கள். சாக்கை விரித்துப் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வயல் வேலைக்குக் கூலி குறைத்துக் கொடுப்பதைப் பற்றிய நாடகம். குஜராத்தி எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நண்பர் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். திரையில் ஒரு பெண் பேசத் தொடங்கியதும் கூட்டத்தில் ஒரே சலசலப்பு. அவள் அடுத்த கிராமத்துக்காரியாம்! நாடகம் முடிந்த பிறகும் யாரும் எழவில்லை. ஒரு பெரியவர் கோபமாக ஏதோ சொன்னார், பின்னாலிருந்த இளைஞன் விடாமல் பதில் சொன்னான். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அங்கே கிடைத்தது. இவன் இவர்களோடு பேசுகிறான்.

அந்த 1984-ல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ விருது கேடா திட்டத்துக்குக் கிடைத்தது. மறு ஆண்டே பீஜ் மூடப்பட்டது. அகமதாபாத்தின் பெரிய டிரான்ஸ்மிட்டர் அந்தப் பகுதிக்கும் எட்டுகிறது, பிறகு இது எதற்கு என்பது காரணம். டிரான்ஸ்மிட்டரைச் சென்னையின் இரண்டாவது அலைவரிசைக்குக் கொண்டுபோவதாக முடிவு. கேடா மக்கள் எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. "எங்கள் டிரான்ஸ்மிட்டர் உங்கள் ஊருக்கு வருகிறதாம், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நண்பர் ஒரு கார்டு எழுதியிருந்தார். சென்னை எனக்கும் எட்டாத ஊர் என்று பதில் எழுத வெட்கமாக இருந்தது. எழுதவில்லை. ஒளி எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. அது யாருக்கு எட்டுகிறது என்பதைக் கணக்கிட அன்று அந்த மேஜையில் யாரும் இல்லை போலும்.

நம் ஊர் நிலையத்துக்கு நல்ல காலம் 1985 ஜனவரி 1-ல் பிறந்தது. அன்று முதல் திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள். பக்கத்து வீட்டு அம்மா அன்று பாயசம் செய்து கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்கும் மகிழ்ச்சிதான், நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில் உப்புத் தின்றவன் பொய் சொல்லமாட்டேன். அம்மாவும் மலையாளச் செய்தி கேட்கப் பழகிக்கொண்டாள். குடப்பனக்குன்று நிலையம் பிறகு பெரிதாக வளர்ந்ததை எல்லோரும் அறிவோம். 1993-ல் ஏப்ரலில் சன் டி.வி.யும் ஆகஸ்டில் ஏசியாநெட்டும் வந்தன. கேபிள்காரர் கம்பியை இழுத்துக்கொண்டு வந்ததும் தென்கிழக்கு ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

குறைசக்தி டிரான்ஸ்மிட்டர்களின் காலமும் முடிந்துவிட்டது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் ஐம்பது இடங்கள் நீங்கலாக, பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பு அனைத்தையும் 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக பிரசார் பாரதி 2021-ல் அறிவித்தது. மூடியதற்காக எந்த ஊரிலும் பெரிய கூட்டம் கூடியதாக நான் கேள்விப்படவில்லை. பீஜில் கூடியது.

என் ஆன்டெனாவின் நடுக் குழாய் இன்னும் மாடியில் இருக்கிறது. துணி காயப்போட உதவுகிறது. 1982, 83-ல் இந்த ஊரிலோ நாகர்கோவில் பக்கமோ ரூபவாஹினி பார்த்த சங்க அன்பர்கள், எந்த மாதங்களில் படம் தெளிவாக இருந்தது, ஆன்டெனா எத்தனை அடி உயரம் என்பதை ஒரு வரி எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்தத் தம்பிக்குக் காட்ட வேண்டும்.