பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் ரோபோ, மின்சாரக் கார் என்று தலைப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குழந்தைக் காப்பகம் தேடுவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "உனக்கெதுக்குடா இது?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இது அன்றாடம் சோற்றுப் பிரச்சினை.

கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் பலர், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். பழைய இடத்தில் கூப்பிடு தூரத்தில் ஆயா இருந்தார், சித்தி இருந்தார். வீடு ஒதுக்கியபோது சொந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிட்டன. பெண்கள் பலருக்குப் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எங்க அக்காவுக்கும் அதேதான். காலை 6 மணி ஷிஃப்ட், சம்பளம் 12,000 ரூபாய். பிள்ளைக்குப் பதினோரு மாசம். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விடவேண்டியதுதான் என்ற நிலையில் அக்காவோடு நானும் அலைந்தேன்.

முதலில் எல்லோரும் சொல்வது பால்வாடி, அதாவது அங்கன்வாடி. நல்ல ஏற்பாடுதான், காசும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் அங்கே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. கைக்குழந்தைக்குச் சத்துமாவு தருவார்கள், தூக்கி வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

அடுத்தது மத்திய அரசின் 'பால்னா' திட்டம். 2017 முதல் தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் என்றிருந்ததை 2022-இல் இந்தப் பெயரில் மாற்றினார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம். பழைய திட்டத்தின் கணக்குப்படி ஒரு மையத்துக்கு 25 குழந்தைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதக் கட்டணம் வெறும் 20 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். நடக்கக்கூடிய தூரத்தில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் ஆறு மணி ஷிஃப்டுக்கு அது உதவாது. ஆனால் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்பது மணி வேலை என்றால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பத்துத் தாய்மார் சேர்ந்து மனு கொடுத்தால் பேச்சுக்கு எடை கூடும்.

கம்பெனியிலேயே காப்பகம் இருக்கவேண்டாமா? இருக்கவேண்டும். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேர் வேலைபார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. 50 பேர் என்றால் 50 பெண்கள் அல்ல, ஆண்களும் சேர்த்துத்தான். இதைப் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். அக்கா காண்டிராக்ட் ஆள் என்பதால் கம்பெனி காண்டிராக்டரைக் காட்டியது, காண்டிராக்டர் கம்பெனியைக் காட்டினார். அத்தோடு சரி.

மிச்சம் இருப்பது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிகள். இங்கேதான் 'லைசென்ஸ் இருக்கா?' என்ற கேள்வி வருகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே உரிமம் உண்டு. சிறிய வீட்டுக் காப்பகம் என்றால் அதிகபட்சம் 8 பிள்ளைகள், பெரியது என்றால் 14. கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பார்கள், முதலுதவிப் பயிற்சி கட்டாயம், சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்து பார்க்கலாம். நம்மிடம் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-இல் அரசு விதிமுறை கொண்டுவந்தது. ஆனால் மூணு நாலு பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளும் அம்மாவிடம் கேட்க அப்படி ஒரு காகிதம் கிடையாது. ஆகவே அதிகாரி பார்க்கவேண்டியதை நாமே பார்க்கவேண்டியதாகிறது.

நான் பார்த்ததில் முக்கியம் தண்ணீர் டிரம். எங்கள் பக்கம் தண்ணீர் பிடித்து வைக்காத வீடில்லை. தவழும் குழந்தை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், பக்கெட்டில் விட்டுவைத்த அடித்தண்ணீர் போதும். ஆகவே டிரம்முக்கு மூடி உண்டா, குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்தேன். ஒரு வீட்டில் எல்லாம் பளிச்சென்று இருந்தது, டிரம் மட்டும் திறந்து கிடந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். அடுப்பு தரையிலா மேடையிலா, பால்கனிக் கம்பி இடைவெளியில் தலை நுழையுமா, தரையோரம் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பவையும் உண்டு. வீட்டில் வேறு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கவேண்டும். கைக்குழந்தைகள் மூன்றுக்கு மேல் இருந்தால் ஒருத்தரால் தூக்கவே முடியாது.

இன்னொன்று, தூங்கவைக்க இருமல் சிரப் கொடுக்கும் பழக்கம். நேரே கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். "மருந்து எதுவானாலும் நான் கொடுத்தது மட்டும்தான்" என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பிள்ளை மாலையில் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தால் விசாரிக்கவேண்டும். சந்தேகம் பெரிதானால் 1098 எண்ணுக்குக் கூப்பிடலாம்.

கடைசியில் கீழ்த்தளத்தில் ஓர் அம்மா கிடைத்தார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மாதம் 2,000 ரூபாய், பாலும் துணியும் நம்முடையது, ஷிஃப்ட் தாமதமானால் மணிக்கு 20 ரூபாய். அக்கா முதல் வாரம் மூன்று நாள் சொல்லாமல் போய் எட்டிப்பார்த்தாள். மூன்றாம் நாள் அந்த அம்மாவே, "நீ தெனமும் வந்து பாரும்மா, எனக்கொண்ணும் இல்ல. ஆனா அஞ்சாந்தேதி காசு வந்துடணும்" என்றார். அக்கா ஒத்துக்கொண்டாள்.