மழை பெய்தால் மருந்தும் முளைக்கும்!

"ஐயா, பையனுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கலாம்னா ஊர்ல ஒரு செடிகூட இல்லீங்க!"

2016 டிசம்பரில் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தாயின் புலம்பல் இது. "முதல்ல ரத்தப் பரிசோதனை செய்துகிட்டு வாங்கம்மா. காமாலையில் பல வகை இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே இலைன்னு நாமாக முடிவு பண்ணக்கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். பையன் தேறிவிட்டான். ஆனால், அந்த அம்மா சொன்ன குறை என் மனதை விட்டுப் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரப்போரம் காலில் மிதிபடுகிற செடியாயிற்றே அது!

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

போர் தண்ணீர் போதாதா?

"மோட்டார் போட்டால் தண்ணி வருதே" என்பீர்கள். உப்பு கலந்த போர் தண்ணீரையே தொடர்ந்து பாய்ச்சினால் வேர்ப்பகுதியில் உப்பு சேரும். அதைக் கரைத்துக் கீழே இறக்குவது நல்ல மழைதான். சில விதைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. மழை அவற்றைக் கழுவிய பிறகே முளை விடும். கதிர் வரும் சமயத்தில் நீரில்லாவிட்டால் நெல் பதராகிவிடும். அதே நெல் பூக்கும்போது அடைமழை பிடித்தாலும் மணி பிடிக்காது. அளவோடும் காலத்தோடும் பெய்தால்தான் மழை மருந்து!

அடுப்பங்கரைக்கு வருவோம்

மழைக்குப் பின் தூதுவளை, முடக்கத்தான், கரிசலாங்கண்ணி எல்லாம் தளதளவென்று வளரும். சளிக்குத் தூதுவளை ரசம், மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை என்று நம் பாட்டிமார் சமைத்தது இதனால்தான். ஆனால் சாக்கடையோரம், சாலையோரம் பறிக்காதீர்கள். செடியை அடையாளம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மழைக்காலக் கீரையில் மண்ணும் பூச்சி முட்டையும் ஒட்டியிருக்கும். பலமுறை அலசி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழக அரசு கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டுத் தொட்டி மண் அடைத்துக் கிடக்கிறதா? புரட்டாசி முடிவதற்குள் சுத்தம் செய்துவிடுங்கள். அப்படியே ஒரு தொட்டியில் தூதுவளையும் நட்டு வையுங்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்!