பகிரத்தக்கவை, விலை பேசத்தகாதவை

புத்தபெருமானின் தகனக்கிரியை குசிநகரில் நிறைவுற்றதும், அவரது தாதுக்களில் பங்கு கோரி ஏழு தரப்பினர் வந்தனர். குசிநகரத்து மல்லர்கள் மறுத்தனர். போர் மூளவிருந்த வேளையில் துரோணர் என்ற பிராமணர் குறுக்கிட்டு, பொறுமையைப் போதித்தவரின் எச்சங்களுக்காகப் போரிடுவது முறையல்ல என எடுத்துரைத்தார்; மல்லர்களையும் சேர்த்து எட்டுத் தரப்பினருக்கும் அவற்றைச் சமமாகப் பங்கிட்டார். மகாபரிநிர்வாண சூத்திரம் கூறும் வரலாறு இது. தாதுகோபுரங்களை எழுப்பி வழிபடும் மரபு இப்பங்கீட்டுடன் பிணைந்ததாகும்.

அதில் ஒரு பங்கு, புத்தர் பிறந்த சாக்கிய குலத்தவருக்குக் கிடைத்தது. 1898ஆம் ஆண்டில், இந்தியாவில் நேபாள எல்லைக்கு அண்மையிலுள்ள பிப்ரவா என்னுமிடத்தில், பிரித்தானியத் தோட்டத்துரையான வில்லியம் கிளக்ஸ்டன் பெப்பே தூபியொன்றை அகழ்ந்தார். அங்கு கிடைத்த கற்பேழையினுள் எலும்புத் துண்டுகளும் சாம்பலும் மணிகளும் பொன்னணிகளும் இருந்தன. அவற்றுடனிருந்த சிமிழொன்றின் பிராமி எழுத்துகளைக் கொண்டு, அவை சாக்கியர் பேணிய புத்தரின் தாதுக்கள் என அறிஞர் பலர் கருதினர்.

எலும்புத் தாதுக்களைப் பிரித்தானிய அரசு சீயத்து மன்னர் சூலாலங்கோர்னுக்கு வழங்கியது. அவர் அவற்றை இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் பௌத்தர்களுடனும் பகிர்ந்துகொண்டார். மணிகளோ வேறு வழியிற் சென்றன. பெரும்பகுதி கல்கத்தா நூதனசாலையைச் சேர, எஞ்சியதைப் பெப்பே வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார். எலும்பு வழிபாட்டுக்குரியது, மணி வெறும் பொருள் என்ற இப்பாகுபாடு ஆட்சியாளர் வகுத்ததேயன்றிப் பௌத்தர் வகுத்ததன்று. தாதுவுடன் காணிக்கையாகப் புதைக்கப்பட்டதைத் தாதுவிலிருந்து பிரித்து நோக்க முடியாது என்பதே பக்தர்களின் நிலைப்பாடு.

இதன் விளைவு 2025இல் வெளிப்பட்டது. பெப்பேயின் வழித்தோன்றல்களிடமிருந்த மணிகளை மே 7ஆம் திகதி ஹொங்கொங்கில் ஏலத்தில் விட சொதெபிஸ் நிறுவனம் ஏற்பாடு செய்தது. பௌத்தர்கள் கண்டனம் தெரிவித்தனர். இந்திய அரசு சட்டபூர்வ அறிவித்தல் அனுப்பியது. ஏலம் ஒத்திவைக்கப்பட்டு, ஜூலை மாத இறுதியில் மணிகள் இந்தியாவை வந்தடைந்தன. ஆயினும், இந்தியத் தனியார் குழுமமொன்றின் கொள்வனவு மூலமே அது கைகூடியது என்பதை மறந்துவிடலாகாது. ஏலம் நின்றதே தவிர, விலை நிற்கவில்லை.

பிப்ரவாவில் 1970களில் மீண்டும் நடந்த அகழ்வில் கிடைத்த தாதுக்களை இந்தியா 2012இல் இலங்கைக்கு அனுப்பியபோது, இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வழிபட்டனர். எவரும் எதையும் வாங்கவில்லை. வழிபாடு முடிந்ததும் அவை திரும்பிச் சென்றன. ஒரு சமூகம் புனிதமெனப் போற்றுவதை வைத்திருப்பவர் அதன் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர். எச்சமயத்தவரின் புனிதப் பொருளுக்கும் இந்நியதி பொருந்தும்.