சிரட்டை சுமக்கும் கடற்பிராணி

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. ஹாலிஎலத் தேயிலை மலைகளில் வாழ்வோருக்குக் கடல் என்பது பெரும்பாலும் கருவாடாகக் கடைக்கு வந்து சேர்வதேயாகும். ஆயினும், மாறுவேடம் பூண்ட உயிர்கள் மலைநாட்டுக்குப் புதியன அல்ல. காய்ந்த சுள்ளியெனக் கைபட்டவுடன் மெல்ல நகரும் குச்சிப்பூச்சி அத்தகையது. அதன் வேடம் பிறவியில் அமைந்தது. நினைத்த கணத்தில் அதனைக் களைய இயலாது. இத்தீவைச் சூழ்ந்த கடலில் வாழும் ஒக்டோபஸோ, கணத்துக்கொரு வேடம் பூணவல்லது. எட்டுக் கரங்களையுடைய இப்பிராணியை மன்னார் வளைகுடா மீனவர் பேய்க்கணவாய் என்பர்.

அதன் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நிறப்பைகள் உள்ளன. மூளையின் கட்டளைப்படி சிறு தசைகள் அவற்றை இழுத்து விரிக்கும்போது நிறம் தோன்றுகின்றது, தளர்த்தும்போது மறைகின்றது. ஒரு நொடிக்குள் இம்மாற்றம் நிகழ்ந்துவிடும். தோலும் முடிச்சு முடிச்சாக எழுந்து, பாறையையும் பாசியையும் ஒத்துவிடும். இத்தனைக்கும், பெரும்பாலான ஒக்டோபஸ்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒன்றே உண்டு. நிறங்களைப் பிரித்தறியாத பிராணி நிறத்தால் ஒளிந்துகொள்வது வியப்பன்றோ!

அதன் உடலில் எலும்பு இல்லை. கிளியின் அலகு போன்ற வாயுறுப்பே கடினமானது. அது நுழையும் துளையினூடே உடல் முழுவதும் நுழைந்துவிடும். 2016 ஆம் ஆண்டு நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், தொட்டியிலிருந்து வெளியேறிய ஓர் ஒக்டோபஸ் தரையில் ஊர்ந்து, வடிகாற் குழாய் வழியே கடலுக்குச் சென்றதெனக் கூறப்படுகின்றது.

ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள் அதற்கு உண்டு. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு கரங்களிலேயே அமைந்துள்ளன. ஆதலால் ஒவ்வொரு கரமும் தானே தடவி, சுவைத்து, இரை தேடும்.

இந்தோனேசியக் கடலில் ஓர் இனம் மனிதர் எறிந்த தேங்காய்ச் சிரட்டைகளைச் சேகரிப்பதை அறிஞர் கண்டு, 2009 இல் வெளியிட்டனர். அது சிரட்டைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி, உடலின் கீழ் இடுக்கி, கரங்களை விறைப்பாக ஊன்றித் தட்டுத்தடுமாறி நடக்கின்றது. சுமக்கும்வரை அச்சிரட்டைகளால் பயனில்லை. ஆபத்து நேரும்போதே அவை வீடாகின்றன. நாளைய தேவைக்காக இன்று சுமக்கும் முன்யோசனை அது.

இவ்வாறு மறைவிடம் தேடும் இயல்பே அதற்குக் கண்ணியுமாயிற்று. பாக்கு விரிகுடா மீனவர் வெற்றுச் சங்குகளை நீண்ட கயிற்றிற் கட்டிக் கடலடியில் இடுவது வழக்கமாயிருந்தது. இரை வேண்டியதில்லை, வீடெனக் கருதித் தானே புகுந்த பேய்க்கணவாய் கயிற்றோடு மேலே வரும்.

அதன் ஆயுளும் குறுகியது. பல இனங்கள் ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றன. உணவைத் துறந்து முட்டைகளைக் காக்கும் தாய், குஞ்சுகள் வெளிவரும் காலத்தில் இறந்துபடுகின்றது. தாய் கற்றது பிள்ளைக்கு எட்டுவதில்லை. ஒவ்வொரு பேய்க்கணவாயும் தன் பாடத்தை முதலெழுத்திலிருந்து தனியே கற்கின்றது.