ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமானது. காவிரிக் கழிமுகத்தின் நெல்வளமும் துறைமுகமும் அவர்களை ஈர்த்தன. அதே காலப்பகுதியில், 1738ஆம் ஆண்டளவில், அவர்தம் தலைநகரான புதுச்சேரியில் எழுந்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. வணிகர், துபாஷி, புரவலர் எனப் பல நிலைகளில் விளங்கிய ஒருவரின் வாழ்வை அவர் இல்லத்தின்வழி அறிய இக்கட்டுரை முயல்கிறது.

பிள்ளையும் காலமும்

சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்த பிள்ளை, துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது 1747இல் தலைமைத் துபாஷியானார். அதற்கு முன்பே, 1736 முதல், நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தார். கப்பல்களின் வருகை, சரக்குகளின் விலை, அரசியல் பேரம், சாதிப்பூசல், ஊர்ப்பேச்சு ஆகியவை பேச்சுத்தமிழ் கலந்த நடையில் அதில் இடம்பெறுகின்றன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

மாளிகையின் அமைப்பு

கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சூழ்ந்து மரத்தூண்கள் நிற்கின்றன. இது தமிழ் இல்ல மரபு. மேல்தளத்திலோ ஐரோப்பியப் பாணியிலான வெண்ணிறக் கட்டுமானத் தூண்கள் உள்ளன. இதனை இரு பாணிகளின் கலப்பு என்று மட்டும் கூறி அமைவது போதாது. இரு மொழியினரிடையே நின்று இரு தரப்பாரின் நம்பிக்கையையும் பெறவேண்டியதே துபாஷியின் தொழில். அத்தொழிலின் இயல்பைக் கட்டடமும் காட்டுகிறது எனக் கருத இடமுண்டு.

கொடையும் புலமையும்

பிள்ளை புலவர்களைப் போற்றிய வள்ளல். தியாகராச தேசிகர் இயற்றிய ஆனந்தரங்கன் கோவையும், சீனிவாச கவியின் ஆனந்தரங்க விஜய சம்பு என்னும் வடமொழி நூலும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை. எனினும் புலவர் பாடிய புகழையும் அவரே எழுதிய அன்றாடக் குறிப்பையும் ஒப்புநோக்குதல் வேண்டும். முன்னது வள்ளலைக் காட்டுகிறது. பின்னது கவலையும் கணக்கும் மிக்க மனிதரைக் காட்டுகிறது.

முடிவுரை

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் பிள்ளை மறைந்தார். வெற்றி பெற்றோர் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் இடித்துத் தள்ளினர். அரசு எழுப்பியவை அழிய, அதன் ஊழியர் ஒருவரின் இல்லம் எஞ்சியது. அழிவுக்கு முந்திய நகரத்திற்கு நாட்குறிப்பு எழுத்துச் சான்று. மாளிகை கட்டடச் சான்று. ஒன்றைப் பதிப்பித்துக் காத்ததுபோல் மற்றொன்றையும் பேணிக்காத்தல் ஆய்வுலகின் கடமையாகும்.