நாற்காலித் தோல் ஏன் பொடியாகிறது?

லண்டனில் 1824இல் தொடங்கப்பட்ட அத்தீனியம் மன்றம், அறிவியலாளர்களும் எழுத்தாளர்களும் கூடிப் பேசும் இடம். அங்கிருந்த தோல் உறையிட்ட கைப்பிடி நாற்காலிகள் ஒரு கட்டத்தில் கெட்டு உதிரத் தொடங்கின. காரணம் என்ன?

1843இல் அதற்கு விடை சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. இயற்பியல் பாடத்தில் மின்காந்தத் தூண்டலைப் பற்றிப் படிக்கும்போது நீங்கள் சந்திக்கும் அதே ஃபாரடேதான். இளமையில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் என்பதால், தோல் அவருக்குப் புதிதல்ல. அத்தீனியம் மன்றத்தின் முதல் செயலாளராக இருந்தவரும் அவரே. வெளிச்சத்துக்காக ஏற்றிய எரிவாயு விளக்குகளின் வெப்பமும், அந்த வாயுவில் கலந்திருந்த கந்தகமும்தான் தோலைக் கெடுத்தன என்று அவர் கண்டறிந்தார்.

தோலுக்குள் நடந்தது என்ன?

தோலின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத இழைகள். அக்காலத்தில் மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் டானினைக் கொண்டே தோலைப் பதனிட்டார்கள். கந்தகம் எரியும்போது கந்தக டைஆக்சைடு உண்டாகிறது. தோல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. நாளடைவில் அது கந்தக அமிலமாக மாறி, கொலாஜன் இழைகளை அறுத்துவிடுகிறது. முடிவில், தொட்டாலே கையில் செம்பழுப்புப் பொடி ஒட்டும். இதை வல்லுநர்கள் ‘சிவப்புச் சிதைவு’ என்கிறார்கள். இந்த நிலைக்கு வந்த தோலைப் பழைய வலிமைக்குத் திருப்ப முடியாது.

உறைக்கு அடியில்

தோல் என்பது மேலுறை மட்டுமே. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாற்காலி ஒன்றைப் பிரித்தால் பல அடுக்குகளைக் காணலாம். வெளியே தெரியும் கால்கள் பெரும்பாலும் மஹோகனி அல்லது ஓக் மரம். உள்ளே மறைந்திருக்கும் இருக்கைச் சட்டத்துக்குப் பீச் மரத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். ஆணிகளை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றதில் அதற்கேற்றபடி கழுந்து செதுக்கிச் செருகி, இரண்டையும் வச்சிரத்தால் ஒட்டினார்கள். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை வெந்நீரிலும் ஆவியிலும் இளகும். அதனால் மரத்தை உடைக்காமலே மூட்டைக் கழற்றிப் பழுது பார்க்கலாம்.

சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நாடாக்கள், அவற்றின்மேல் கயிற்றால் கட்டிய சுருள்விற்கள், பிறகு சணல் துணி, அதற்கும் மேலே குதிரை முடித் திணிப்பு. எல்லாவற்றையும் மூடித் தோலை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்தார்கள்.

நாற்காலியை ‘வாசிக்க’ முடியுமா?

முடியும். சட்டத்தில் பழைய ஆணித் துளைகள் பல வரிசைகளாக இருந்தால், உறை பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரே வரிசை மட்டும் இருந்தால், அது முதல் உறையாகவே இருக்க வாய்ப்புண்டு.

மரத்தில் சிறு துளைகளும் அவற்றின் அருகே வெளிர்நிறப் புதுத்தூளும் தென்பட்டால், பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சையாக மெழுகுபோல் படிந்திருப்பது, தோலிலுள்ள கொழுப்பு பித்தளையின் செம்போடு வினைபுரிந்ததன் அடையாளம். இருக்கை நடுவில் தொங்கினால், அடிநாடா தளர்ந்திருக்கலாம்.

நல்லெண்ணத்தால் வரும் கேடு

பழைய தோலைக் கண்டதும் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க நமக்குக் கை துறுதுறுக்கும். பொறுங்கள்! எண்ணெய் தூசியை இழுக்கும், கறையாகும், அமிலத்தை அகற்றாது. சிவப்புச் சிதைவு கண்ட தோலை ஈரத்துணியால் துடைத்தால், அது கறுத்து இறுகிவிடும். வல்லுநர்கள் ஆல்கஹாலில் கரைத்த ஒட்டுப்பொருளை மெல்லத் தடவி, எஞ்சிய இழைகள் உதிராமல் பிடித்து வைக்கிறார்கள். மெருகேற்றுவது அவர்கள் நோக்கமன்று. இருப்பதைக் காப்பாற்றுவதே நோக்கம்.

நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பூஞ்சணம் இன்னொரு பகை. தாத்தா காலத்துத் தோல் நாற்காலி உங்கள் வீட்டில் இருந்தால், அதைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் காற்றோட்டமாக வையுங்கள். வெயில் நேரடியாகப் படவேண்டாம். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். தோல் உதிர்கிறதென்றால் அதுவும் வேண்டாம்.

கெட்டுப்போன நாற்காலியைத் தூக்கி எறிந்து, புதிதாக ஒன்று வாங்கிப் போடுவது எளிது. ஆனால் விளக்கு மாறாதவரை, புது நாற்காலிக்கும் அதே கதிதான். ஃபாரடே, விளக்கின் புகையைக் குழாய் வழியாக அறைக்கு வெளியே கொண்டுபோகும் அமைப்பை வடிவமைத்தார். உங்கள் வீட்டுப் பழைய பொருளில் பழுது கண்டால், பசையையும் எண்ணெயையும் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதனால் கெட்டது?